வழிக்கொள்ளு

குரங்கணிக்கு மேலே ஜீப்பு ரோடு முடிந்துபோகிற இடத்தில் குதிரைப் பாதை தொடங்கும். அதற்கு மேலே இருக்கிற எஸ்டேட்டுகளுக்கும் மலைக்குடிகளுக்கும் அரிசி, உப்பு, உரமூட்டை, கேஸ் சிலிண்டர், பொண்ணுக்குச் சீராகக் கொடுத்த பீரோ வரைக்கும் மட்டக்குதிரையின் முதுகில்தான் ஏற வேண்டும். காப்பியும் ஏலக்காயும் எலுமிச்சையும் அதே முதுகில்தான் இறங்க வேண்டும்.

அந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கி வருகிறவர் எதிரே ஏறிப் போகிற குதிரையைக் கண்டால் நின்றுவிடுவார். தன் குதிரையின் கழுத்தில் தொங்குகிற கொள்ளுப்பையைக் கழற்றி, ஏறுகிற குதிரையின் வாயில் மாட்டுவார். அது நாலு வாய் தின்ற பிறகு பையைத் திரும்ப வாங்கித் தன் குதிரைக்கே மாட்டிக்கொண்டு போவார். ஏறுகிற உயிருக்குத்தான் நெஞ்சு வலிக்கும் என்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ நல்ல மனதுக்காரர் தொடங்கி வைத்தது. வழிக்கொள்ளு என்று அதற்குப் பெயர். யாரும் கேட்டு வாங்குவதில்லை. வாங்கினதற்கு நன்றி சொல்வதுமில்லை. வேண்டாம் என்று சொல்வதுதான் பெரிய காரியம். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் மட்டுமே அப்படிச் சொல்வார்கள்.

மொக்கச்சாமிக்கு மூன்று குதிரைகள். கருப்பன், சின்னவன், பவுனு. முதல் இரண்டும் வாங்கினவை. பவுனு வீட்டில் பிறந்தவள். தாய்க்குதிரை குட்டி போட்ட கையோடு செத்துப்போக, மொக்கச்சாமியின் மனைவி சோலையம்மாள் பசும்பாலையும் கஞ்சித்தண்ணியையும் துணியில் நனைத்து ஊட்டி அவளைப் பிழைக்க வைத்தாள். பிள்ளை இல்லாத வீடு. பவுனு வாசலில் தலையை நீட்டி அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தால் சோலையம்மாள், "இரு, வர்றேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சோலியைப் பார்ப்பாள்.

கார்த்திகை மழை வெறித்திருந்த ஒரு காலையில் கால்நடை டாக்டர் ரேணுகா போடியிலிருந்து வந்தார். பாதைக்காரர்களின் குதிரைகளையெல்லாம் வரச்சொல்லி, கழுத்து நரம்பில் ரத்தம் எடுக்கப் போவதாகச் சொன்னார். அன்றைக்கு லோடு ஏற்றி நின்றிருந்த நாலைந்து குதிரைகள்தான் கிடைத்தன. மற்றவை மேலே இருந்தன.

"குதிரை நல்லாத்தான நிக்குது. ரத்தம் என்னத்துக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார் ராக்கையா. பாதைக்காரர்களில் வாய் ஓயாதவர் அவர்.

"நம்ம நாட்டுக் குதிரைகள வெளிநாட்டுக்கு அனுப்புறாங்கண்ணே. வாங்குற நாட்டுக்காரங்க, உங்க பக்கம் குதிரைக்கு கிளாண்டர்ஸ் சீக்கு இருக்கான்னு கேக்குறாங்க. இல்லைன்னு வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. எல்லாப் பக்கமும் ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் சொல்லணும். பந்தயக் குதிரைன்னாலும் பொதிக்குதிரைன்னாலும் ஒண்ணுதான்."

"அப்ப நம்ம பவுனு பாஸ்போர்ட்டு எடுக்கப் போறா. ஏப்பா மொக்கை, அவ கப்பல் ஏறுறப்ப நீயும் வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போயிரு."

"நான் போயிட்டா உன் சிலிண்டரை எவன் சுமக்கிறது? நீ சுமந்தா பாதியில உக்காந்து பீடி கேப்ப."

டாக்டரம்மாவும் சிரித்தார். பவுனு ஊசிக்குக் காதை மட்டும் ஆட்டினாள்.

மார்கழி பிறந்து, மலை முழுக்கப் பனிமூட்டம் மூடிக் கிடந்த ஒரு நாள் டாக்டரம்மா திரும்ப வந்தார். இந்த முறை சிரிப்பில்லை. மூக்கையும் வாயையும் மூடியிருந்தார். ஏலக்காய்க்காட்டில் காய் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த சோலையம்மாள், கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்தாள்.

"கருப்பனுக்கும் சின்னவனுக்கும் ஒண்ணுமில்லண்ணே. பவுனுக்கு இருக்கு. ரெண்டு விதமாப் பாத்துட்டாங்க."

மொக்கச்சாமி பவுனைப் பார்த்தார். புல்லை உதறி உதறித் தின்றுகொண்டிருந்தாள். பின்னங்கால் தொடையில் ஒரு கட்டி இருந்தது. அட்டை கடித்ததென்று மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்கள். மூக்கில் கொஞ்சம் ஈரம். மார்கழிப் பனிக்கு எந்தக் குதிரைக்குத்தான் மூக்கு ஒழுகாது?

"மருந்து எழுதிக் குடுங்க. மதுரைக்குன்னாலும் போயி வாங்கியாந்திர்றேன்."

"இதுக்கு மருந்து கொடுத்து வச்சிருக்கக் கூடாது. வெளிய ஆறுன மாதிரி தெரியும், உள்ள இருக்கும். மூக்குத் தண்ணியில, தின்ன மிச்சத்துல, தொட்டித் தண்ணியில எல்லாத்துலயும் பரவும். மனுசருக்கும் ஒட்டும். ஒட்டுனா உயிருக்கே ஆபத்து."

"அப்ப என்ன செய்யணும்ங்கிறீக?"

"ஊசி போட்டு உறங்க வச்சிரணும். சட்டம் அப்படித்தாண்ணே. அரசாங்கத்துல நஷ்டஈடு கொடுப்பாங்க, அதுக்கு நான் எழுதுறேன்."

நஷ்டஈடு என்ற சொல் மொக்கச்சாமி காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "கப்பல் ஏறப் போற குதிரை பொழைக்கணும்னு மலை ஏறுற குதிரை சாகணுமா? அவுக குதிரை யாருன்னே இவளுக்குத் தெரியாதே டாக்டரம்மா."

"அந்தக் குதிரைக்காக மட்டும் இல்லண்ணே. உங்க கருப்பனுக்கும் சின்னவனுக்கும் சேத்துத்தான் இந்தச் சட்டம். அவங்க கேட்டதால நாங்க பாத்தோம். பாக்காம விட்டிருந்தா இந்தப் பாதையில ஒரு குதிரை மிஞ்சியிருக்காது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "வெளியில இருந்து புதுக்குதிரை எதுவும் வந்துச்சா?"

சோலையம்மாள்தான் பதில் சொன்னாள். "ஐப்பசியில ஒண்ணு வந்துச்சும்மா. போடியில மகாராஜன்னு ஒருத்தரு, டூரிஸ்ட்டுகள ஏத்தலாம்னு வடக்க ஏதோ சந்தையில வாங்கி லாரியில கொண்டாந்தாரு. எலும்பும் தோலுமா, மூக்கு ஒழுக, தூத்தல்ல நடுங்கிக்கிட்டு ஏறுச்சு. இவுகளுக்கு அன்னைக்குக் காய்ச்சல். நாந்தான் பவுனை ஓட்டிக்கிட்டு இறங்குனேன். பாக்கச் சகிக்கல. பவுனோட பையை எடுத்து மாட்டிவிட்டேன். அம்புட்டும் தின்னுச்சு."

"அப்புறம் அந்தப் பையை?"

"பவுனுக்குத்தான் மாட்டுனேன். வேற என்ன செய்வாக?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க ஒரு பாவமும் செய்யலம்மா. பசிச்ச உயிருக்குத்தான் கொடுத்தீங்க. மகாராஜன் அதை வித்துட்டாராம். எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருக்கோம்." பிறகு மொக்கச்சாமியிடம், "நாளைக்கு மதியத்துக்குள்ள ஆளோட வர்றேன். அதுவரைக்கும் பவுனைத் தனியாக் கட்டுங்க. கொள்ளுப்பைய யாரும் மாத்தி மாட்டக் கூடாதுன்னு பாதைக்காரங்க எல்லாத்துக்கும் நீங்களே சொல்லிருங்கண்ணே. நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றார்.

மொக்கச்சாமி தலையை ஆட்டினார். ஆனால் யாருக்கும் சொல்லவில்லை.

சாயந்திரம் கேப்பைக்களியும் மொச்சைக் குழம்பும் வட்டிலில் ஆறிக்கொண்டிருந்தன. கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"விடியக்காலம் பவுனை மேல கொண்டுபோயிர்றேன்" என்றார்.

"மேலன்னா?"

"மச்சான் லாயத்துக்கு. டாப் ஸ்டேஷனுக்கு அங்கிட்டு கேரளா. இந்த டாக்டரு அங்க வரமாட்டாக. வந்து கேட்டா, அத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு சொல்லிருவோம்."

மச்சான் என்றது சோலையம்மாளின் பெரியப்பா மகன் முத்துக்கண்ணனை. எஸ்டேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்துகொண்டு அவரும் குதிரைதான் ஓட்டுகிறார்.

"அண்ணன் லாயத்துல நாலு குதிரை நிக்குது."

"தள்ளிக் கட்டச் சொல்றேன்."

"எதுக்குத் தள்ளிக் கட்டணும்னு கேட்டா?"

"கால் சுளுக்குன்னு சொல்லுவேன்."

சோலையம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "நான் தெரியாம மாட்டுனேன். நீங்க தெரிஞ்சு மாட்டப் போறீக."

"அவ நீ வளத்தவடி."

"அதனாலதான் சொல்றேன். நான் வளத்தது ஊரைக் கெடுத்துச்சுன்னு இருக்க வேண்டாம். கடலுக்கு அங்கிட்டு இருக்கிறவுக குதிரை நமக்கு யாரோ. சரி. மலைக்கு அங்கிட்டு இருக்கிறது எங்க அண்ணன் குதிரை. அதுக்கு மூக்கு ஒழுகுனா அங்க எவ அழுவா? எங்க மதினிதான அழுவா."

"டாக்டரு மாதிரிப் பேசாத."

"நான் எங்க டாக்டரு மாதிரிப் பேசுறேன். மனசு கேக்காமப் பேசுறேன். சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

வெளுக்கத் தொடங்கியதும் பவுனை அவிழ்த்தார். சேணம் வைக்கவில்லை. கழுத்து மணியைக் கழற்றி வைத்துவிட்டார். சோலையம்மாள் கதவைத் திறக்கவில்லை. ஆனால் விழித்துத்தான் இருந்தாள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

பாதை தொடங்குகிற இடத்தில் கருப்பசாமி இருக்கிறார். கூரை கிடையாது, ஒரு பாறையும் ரெண்டு வேலும்தான். அங்கே திருநீறு எடுத்துக் குதிரையின் நெற்றியில் பூசி, "கூட வா சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் யாரும் ஏறுவார்கள். மொக்கச்சாமியும் திருநீற்றை எடுத்தார். பூசினார். கூட வா என்று சொல்ல வாய் வரவில்லை. செய்யப் போகிற காரியத்துக்கு அவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது? கையில் ஒட்டியிருந்ததை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பனி காப்பிச்செடிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. பாரம் இல்லாததால் பவுனு வெரசாக ஏறினாள். ஆனால் மூச்சு வாங்கியது. முன்னெல்லாம் முழு லோடோடு ஏறும்போதுகூட இப்படி இரைக்கமாட்டாள். நின்று நின்று போனார்கள். நிற்கும்போதெல்லாம் அவள் மூக்கை அவர் தோளில் வைத்துத் தேய்த்தாள். தோளில் ஈரம் பட்டது. அவர் விலகவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

பாதி மலையில், பாதை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்குகிற வளைவில், மேலேயிருந்து மணிச்சத்தம் வந்தது. இந்த நேரத்தில் இறங்குகிறவர் மச்சான் ஒருவர்தான். மொக்கச்சாமி அதை நினைக்காமல் இல்லை. அவர் இறங்கிப் போன பிறகு லயத்துக்குப் போய், மச்சான் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். எதிரே வருவார் என்பதைத்தான் நினைக்காமல் விட்டுவிட்டார்.

பனிக்குள்ளிருந்து முத்துக்கண்ணன் வந்தார். தலையில் கம்பளி, பின்னால் காப்பி மூட்டை ஏற்றிய நாலு குதிரைகள்.

"எந்தா மாப்ளே, இந்தக் குளிருக்குள்ள? லோடில்லாம குதிரைய ஊர்வலம் கொண்டுபோறீகளா?" என்றார். மலையில் இருந்து இருந்து பேச்சில் பாதி மலையாளம் ஏறியிருந்தது.

"சும்மாதான் மச்சான்."

"சும்மா எவனும் இந்த மலை ஏறமாட்டான். தங்கச்சிகிட்டச் சண்டையா? சமையல் சரியில்லைன்னு சொல்லியிருப்பீக. அவ கரண்டிய எடுத்திருப்பா." பேசிக்கொண்டே அவர் கை தன் முன்குதிரையின் கழுத்துக்குப் போய், பையைக் கழற்றிவிட்டது. அது கை தானாகச் செய்கிற வேலை. "பாரு, பவுனுக்கு எப்படி இரைக்குதுன்னு. வா ஆத்தா. சூடா அவிச்சுப் போட்டுக் கொண்டாந்தது."

பவுனு கழுத்தை நீட்டினாள். கொள்ளு வாசம் தெரிந்துவிட்டது அவளுக்கு.

மொக்கச்சாமி தலைக்கயிற்றைப் பின்னால் இழுத்தார். "வேண்டாம் மச்சான்."

முத்துக்கண்ணன் கையில் பை அப்படியே நின்றது. முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"என்ன மாப்ளே, எங்க வீட்டுக் கொள்ளு கசக்குதா?"

"அதில்ல."

"பின்ன? பொண்ணு கொடுத்த வீடு. இத்தனை வருசத்துல ஒருத்தரும் என் கையைத் தட்டுனதில்ல. நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லும்."

கால் சுளுக்கு என்று தயார் செய்து வைத்திருந்த பொய் அங்கே உதவவில்லை. சுளுக்கின குதிரைக்குக் கொள்ளு வேண்டாமென்று யார் சொல்வார்கள்? பவுனு இன்னும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஒட்டுச்சீக்கு மச்சான். கிளாண்டர்ஸ்ங்கிறாக. அந்தப் பையில அவ வாய் பட்டா உங்க குதிரைக்கும் போயிரும். இன்னைக்கு மதியம் ஊசி போட வர்றாக."

"ஊசி போட வர்றாகன்னா இங்க எதுக்கு..." கேட்கும்போதே முத்துக்கண்ணன் பாதையை மேலே திரும்பிப் பார்த்தார். அந்தப் பாதை வேறெங்கும் போகவில்லை. "என் லாயத்துக்கா கொண்டுபோனீக?"

"ஆமா மச்சான்."

"எங்கிட்டச் சொல்லாம."

"ஆமா."

முத்துக்கண்ணன் பையைத் தன் குதிரைக்குத் திரும்ப மாட்டி முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

"ஒதுங்கு. என் குதிரை போகணும்" என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை.

ஒதுங்க இடமில்லை. மொக்கச்சாமி பவுனைப் பாதையைவிட்டுக் கீழே, சரிவில் இருந்த காப்பிச்செடிகளுக்குள் இறக்கினார். துண்டால் அவள் மூக்கைச் சுற்றி மூடி, மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேலே நாலு குதிரைகளும் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பழகின குதிரைகள். ஒன்று பவுனைப் பார்த்துக் கனைத்தது. துண்டுக்குள்ளிருந்து பவுனு பதில் கொடுக்கப் பார்த்தாள். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மணிச்சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு அவளை மேலே ஏற்றி, முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பினார்.

அடிவாரத்துக்கு வந்தபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முத்துக்கண்ணன் சொல்லியிருந்தார். குதிரைக்காரர்கள் தங்கள் குதிரைகளை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். எப்போதும் ஒரே தொட்டியைச் சுற்றித் தலையோடு தலை முட்டி நிற்கிற குதிரைகள் அப்படிச் சிதறி நின்றதைப் பார்க்க முடியவில்லை. தொட்டித் தண்ணீரை ராக்கையா கவிழ்த்துக்கொண்டிருந்தார். மொக்கச்சாமியைப் பார்த்தும் அவர் வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மா வந்துவிட்டார். அவர் முதலில் சொன்னதே முத்துக்கண்ணனுக்குத்தான். "உங்க குதிரை நாலுக்கும் ரத்தம் எடுக்கணும்ண்ணே. ஐப்பசியில இருந்து பவுனும் இதுகளும் எத்தனை வாட்டி பை மாத்தியிருக்கும்னு யாருக்குத் தெரியும். முடிவு வந்து, அடுத்த ரத்தமும் பாக்குற வரைக்கும் இதுக மேல ஏறக் கூடாது. இங்கதான் நிக்கணும்."

"என் லாயம் மேல இருக்கும்மா."

"தெரியும்ண்ணே. வேற வழியில்ல."

முத்துக்கண்ணன் மொக்கச்சாமியை ஒரு பார்வை பார்த்தார்.

குழி தோண்டுவதற்கு ஜேசிபி இயந்திரம் ஓடையைத் தாண்டி வராது என்று தெரிந்தது. ஆழமாகத் தோண்ட வேண்டும். டாக்டரம்மாவோடு வந்த ஆட்கள் ரெண்டே பேர். மொக்கச்சாமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் குத்தத் தொடங்கினார். மண்ணைவிடக் கல்தான் அதிகம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடப்பாரை அவர் எதிரே குத்தியது. நிமிர்ந்து பார்த்தார். முத்துக்கண்ணன். முகம் இறுகித்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் ராக்கையா கூடையோடு வந்தார். கல்லும் இரும்பும் மோதுகிற சத்தம்தான்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது குழி போதும் என்றார் டாக்டரம்மா. வெள்ளை உடுப்பும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தார். சோலையம்மாள் வாசற்படியில் நின்றாள்.

"நான் ஒரு வாட்டி தொட்டுக்கிடவாம்மா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். பையிலிருந்து இன்னொரு ஜோடிக் கையுறையும் முகமூடியும் எடுத்து, தானே அவளுக்கு மாட்டிவிட்டார். "நேரம் எடுத்துக்கிடுங்க. நான் காத்திருக்கேன்" என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோலையம்மாள் பவுனின் நெற்றியில் கை வைத்தாள். காலையில் பூசின திருநீறு இன்னும் இருந்தது. "இரு" என்றாள். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. வர்றேன் என்று முடிக்கிற பேச்சு அது.

மொக்கச்சாமி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதல் ஊசிக்குப் பவுனு கண் சொக்கி, முன்காலை மடித்து, பாரம் இறக்கும்போது படுக்கிற மாதிரியே படுத்தாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவள் வயிறு ஏறி இறங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கியபோதுதான் தெரிந்தது. சேணம், கயிறு, பை, மணி எல்லாம் குழிக்குள் போயின. சுண்ணாம்பு கொட்டினார்கள். மண்ணும் கல்லும் போட்டு மூடினார்கள்.

புருசன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு, காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடச் சொல்லித் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு டாக்டரம்மா போனார். ராக்கையா கை கழுவிவிட்டு, "வர்றேன் மொக்கை" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பயம் எல்லோருக்கும் உள்ளதுதான்.

முத்துக்கண்ணன் மட்டும் போகவில்லை. தன் குதிரைகளை ஓடைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் தள்ளித் தள்ளிக் கட்டி, புல் அறுத்துப் போட்டுவிட்டு, சாயங்கால வெயிலில் நடந்து வந்தார்.

"ஆத்தா, குடிக்கத் தண்ணி கொண்டா."

சோலையம்மாள் செம்போடு வந்தாள். நிலைப்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டாள். "எங்க ரத்தமும் போயிருக்குண்ணே. என்ன வருமோ. ராக்கையாண்ணே வீட்டுல வாங்கிக் குடிங்க."

முத்துக்கண்ணன் படியேறி வந்து அவள் கையிலிருந்து செம்பை வாங்கினார். எந்த வீட்டிலும் அண்ணாந்துதான் குடிக்கிறவர். அன்றைக்கு வாய் வைத்துக் குடித்தார். முழுக்கக் குடித்துவிட்டு, செம்பைத் திண்டில் வைத்து, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். மொக்கச்சாமி அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் குதிரை கீழ நிக்கும்போது நான் மட்டும் மேல போயி என்ன செய்ய?" என்றார் முத்துக்கண்ணன், இருவரில் யாரிடம் என்றில்லாமல். "எனக்கும் சேத்து உலை வை ஆத்தா. மாப்ளையும் நேத்துல இருந்து சாப்பிட்ட மாதிரித் தெரியல."

சோலையம்மாள் உள்ளே போனாள். அரிசிப் பானையின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.